கோட்டைச் சமையலறையில் கேட்ட தமிழ்

எழுபதுகளின் நடுப்பகுதி. மெல்போர்னில் ஓர் ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்துகொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து தனியாக வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. இப்போது போல அப்போது தமிழ்க் கடையும் இல்லை, கோயிலும் இல்லை. தாதியர் விடுதியில் கூட இருந்தவர்கள் எல்லோரும் ஆஸ்திரேலியப் பெண்கள். வாய் திறந்து தமிழ் பேசாமலே மாதங்கள் போய்விடும். சில நாட்களில் அம்மா கனவில் வந்து இங்கிலீஷில் பேசுவா. திடுக்கிட்டு எழும்பி உட்கார்ந்திருப்பேன்.

அந்த வருட விடுமுறைக்கு என்னோடு வேலை செய்த இரண்டு பெண்கள் ஐரோப்பாவைப் பார்க்கப் புறப்பட்டார்கள். நானும் சேர்ந்துகொண்டேன். பஸ்ஸில் ஊர் ஊராகப் போகும் சுற்றுலா. பாரிசைத் தாண்டி, கோதுமை வயல்களுக்கு நடுவே வெகுதூரம் போய், ஒரு பழைய பிரெஞ்சுக் கோட்டையின் முன்னால் இறக்கிவிட்டார்கள். கூம்புக் கூரை போட்ட கோபுரங்கள். சுற்றிவர அகழி. ராஜாக்கள் வேட்டைக்கு வந்தால் தங்கும் இடமாம். கட்டில்களையும் திரைச்சீலைகளையும் காட்டி வழிகாட்டிப் பெண் கதை கதையாகச் சொன்னாள். தோழிகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். எனக்கென்னவோ, ஆட்கள் இல்லாத வீட்டுக்குள் அனுமதி கேட்காமல் நுழைந்துவிட்டது போல இருந்தது.

தோழிகள் தோட்டத்தைப் பார்க்கப் போனார்கள். எனக்குக் கால் வலி. வெயிலுக்கு ஒதுங்கி, கீழ்த்தளத்தில் இருந்த சமையலறைக்குள் இறங்கினேன். ஓர் ஆள் நிமிர்ந்து நிற்கக்கூடிய அளவு பெரிய அடுப்பு. சுவர் நிறையச் செம்புச் சட்டிகள். ஒரு மூலையில் நீல மேலங்கி போட்ட பெண் ஒருத்தி, எனக்கு முதுகைக் காட்டியபடி சட்டியொன்றைத் துலக்கிக்கொண்டிருந்தார். பக்கத்து மேசையில் ஒரு பூனை தாவி ஏறியது.

“அடி சனியனே! ஏறாதேன்னு எத்தனை வாட்டி சொல்றது? இறங்குடி!”

என் காதை என்னால் நம்ப முடியவில்லை. வீட்டு ஞாபகத்தில் பிரமை பிடித்துவிட்டதோ என்றுதான் முதலில் நினைத்தேன்.

“அக்கா... நீங்கள் தமிழோ?”

அவர் திரும்பினார். ஐம்பது வயதிருக்கும். கையிலிருந்த சட்டி மூடி நழுவிக் கல்தரையில் உருண்டு போனது. இரண்டு பேருமே அதை எடுக்கவில்லை.

“நீ தமிழாம்மா?”

“ஓம்” என்றேன், எங்கள் ஊரில் ஆமாம் என்பதற்குச் சொல்வது போல.

“என்னம்மா, மந்திரம் சொல்ற மாதிரி ஓம்கிற?” என்று சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

காரைக்கால்காரர். கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவராம். அவரோடு கப்பலேறி வந்தவர்.

“பிள்ளைங்களுக்கு இந்த ஊர் பாஷை நல்லா வரணும், வீட்ல தமிழே பேசக் கூடாதுன்னுட்டாரு. அப்படியே பழகிப்போச்சு. இப்ப அவரும் இல்ல. பிள்ளைங்களுக்கு ஒரு வார்த்தை தெரியாது. நான் இந்தப் பூனைகிட்டதான் பேசறேன்.”

அடுப்போரத்தில் இருந்த கல்லில் என்னை உட்காரவைத்து, “பேசு, எதையாவது பேசு” என்றார். நான் மெல்போர்ன் குளிரைச் சொன்னேன். ட்ராமைச் சொன்னேன். மிளகாய்த்தூள் கிடைக்காமல் மிளகைப் போட்டுக் கறி வைப்பதைச் சொன்னேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன சொன்னேன் என்பது அவருக்குக் கேட்டிருக்குமோ தெரியாது.

திடீரென்று எழுந்து என் கையைப் பிடித்து ஜன்னலுக்கு இழுத்துக்கொண்டு போனார். வெளியே அகழித் தண்ணீருக்கு மேல், கண்ணாடிச் சிறகோடு பூச்சிகள் பறந்தன.

“அதுக்கு நம்ம பாஷையில என்னம்மா பேரு? சின்னதுல வால்ல நூல் கட்டி விடுவோம். நெஞ்சுல நிக்குது, வாயில வரமாட்டேங்குது. இந்தக் கோடை பூராவும் யோசிக்கிறேன். யாரைப் போய்க் கேப்பேன்?”

“தும்பி” என்றேன் உடனே.

“தும்பி, தும்பி” என்று சொல்லிப் பார்த்தார். முகம் வாடிப்போனது. “நல்லாத்தான் இருக்கு. ஆனா நாங்க சொல்றது இது இல்ல கண்ணு.”

எனக்கு வேறு பெயர் தெரியவில்லை. அதற்குள் பஸ் ஹார்ன் அடித்தது. தோழி ஒருத்தி படியில் நின்று, எல்லோரும் காத்திருப்பதாகக் கத்தினாள். அவர் என் மணிக்கட்டைப் பிடித்திருந்த பிடியை விடவில்லை. பிறகு தானாகவே விட்டார்.

“போட்டு வாறன் அக்கா.”

“போயிட்டு வாம்மா” என்றவர், “இதைச் சொல்லி எத்தனை வருஷமாச்சு” என்று தனக்குள் முணுமுணுத்தார்.

பஸ் வயல்வெளியைத் தாண்டிய பிறகுதான் அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை என்பது உறைத்தது. தோழிகள் என்ன நடந்தது என்று கேட்டார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னேன். ஒரு பூச்சியின் பெயர் தெரியாததற்கா அழுகிறாய் என்று விழித்தார்கள்.

மெல்போர்ன் திரும்பியும் மனம் ஆறவில்லை. எங்கள் ஆஸ்பத்திரியில் தஞ்சாவூர்ப் பக்கத்து, காரைக்காலுக்குக் கிட்டத்து டாக்டர் ஒருவர் இருந்தார். ஒரு வருடமாக அவரோடு இங்கிலீஷில்தான் பேசிவந்தேன், அவரும் அப்படித்தான். ஒருநாள் நடைவழியில் அவரை மறித்து, தயங்கித் தயங்கித் தமிழில் கேட்டேன்.

“டொக்டர், தும்பிக்கு உங்கட ஊரில என்ன சொல்லுவினம்?”

அவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு முகமெல்லாம் சிரிப்பாக, “தட்டான்! தட்டாம்பூச்சி!” என்றார். அன்றைக்கு நடைவழியில் நின்றபடியே வெகுநேரம் தமிழில் பேசினோம்.

கங்காரு படம் போட்ட தபால் அட்டை ஒன்றை வாங்கி, ‘சமையலறையில் வேலை செய்யும் இந்தியப் பெண்மணிக்கு’ என்று அந்தக் கோட்டைக்கு விலாசமிட்டேன். பக்கத்தில் ‘தட்டான்’ என்று மட்டும் தமிழில் எழுதிப் போட்டேன். பதில் வரவில்லை. அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியுமா என்றும் நான் கேட்டிருக்கவில்லையே.

இன்றைக்கு மெல்போர்ன் ரயிலில் எந்தப் பெட்டியில் ஏறினாலும் தமிழ் கேட்கிறது. யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் மட்டும் திரும்பிப் பார்க்கிறேன், தேவையே இல்லாமல் இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் இறங்குகிறேன். ஒருவருக்கு அவருடைய சொந்தச் சொல்லை எடுத்துக் கொடுக்க முடியாமல் பஸ் ஏறிப் போன அந்த மத்தியானம், இத்தனை காலமாகியும் என் நெஞ்சைவிட்டு இறங்கவில்லை.