முயலுக்குத் துணையாக வந்த கினி பிக்

எங்கள் வீட்டு முயல் தனியாக இருக்கிறதே என்று, அதற்குத் துணையாக, வாலில்லாத குண்டு எலி மாதிரி இருக்கும் ஒரு கினி பிக்கை வாங்கி வந்தார் என் கணவர். அதுவும் முயல் போலப் புல்தான் தின்னும், சேர்ந்தே வளர்க்கலாம் என்று கடையில் சொன்னார்களாம். இரண்டையும் ஒரே கூண்டில் விட்டோம். அவை ஒன்றையொன்று முகர்ந்துகொண்டு நின்றதை வீடியோ எடுத்து, விளாத்திகுளத்தில் இருக்கும் தங்கைக்குக்கூட அனுப்பினேன்.

ஒரு மத்தியானம் கூண்டுப் பக்கமிருந்து விசில் அடித்ததுபோல் ஓர் அலறல் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், முயல் பின்னங்காலால் உதைத்ததில் கினி பிக் மூலையில் சுருண்டு கிடந்தது.

"ஏட்டி, மூச்சு விடுதான்னு பாரு!" என்று பதறினார் அவர். அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஸ்கூட்டரில் கால்நடை டாக்டரிடம் ஓடினோம். வழியெல்லாம் அதன் நெஞ்சு என் உள்ளங்கையில் படபடத்துக்கொண்டே இருந்தது.

டாக்டரம்மா தடவிப் பார்த்துவிட்டு, "எலும்பு முறியல, பொழச்சிக்கிடும். ஆனா முயல் விளையாட்டா உதைச்சாக்கூட இது தாங்காதும்மா. முயலை ஒண்ணும் செய்யாத கிருமி இதுக்கு நெஞ்சுச் சளியக் குடுத்திரும். துணை வேணும்னா அதது இனத்துலயே பாருங்க" என்றார்.

இப்போது இரண்டும் தனித்தனிக் கூண்டில், தனித்தனி அறையில் இருக்கின்றன. முயலுக்கு இன்னொரு முயலைத் தேடிக்கொண்டிருக்கிறோம். எந்தப் பிராணியை வாங்குவதானாலும் முதலில் டாக்டரிடம் கேட்டுக்கொள்கிறோம். கினி பிக்குக்கு அதன் இனத்திலேயே ஒரு தோழி வந்துவிட்டாள். நான் கொத்தமல்லிக் கட்டைப் பிரித்தாலே போதும், இருவரும் சேர்ந்து கீச்சிட்டு வீட்டையே இரண்டாக்கிவிடுகிறார்கள்.

- ஒரு வாசகி, கோவில்பட்டி