ஆனையூரில் விட்டுவந்த பிள்ளையும் நான்கு ஜெர்மன் சொற்களும்

நாங்கள் ஜெர்மனிக்கு வந்து மூன்றாவது மாதம், 2000 ஜனவரியில், பக்கத்து வீட்டு முதியவர் ஹெர் பிராண்ட் மாடிப்படியில் என்னை நிறுத்தி, "உங்கள் மனைவி எங்கே?" என்று கேட்டார். செல்விக்கு அன்று நகரத்தில் மொழி வகுப்பு. அவளை ரயில் நிலையத்தில் விட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்ல நினைத்தேன். ஆங்கிலத்தில் 'லீவ்' என்றால் அகராதியில் முதலில் இருந்த சொல் 'ஃபெர்லாசன்'. அதையே சொன்னேன். அவர் முகம் மாறியது. என் தோளை ஒருமுறை அழுத்திவிட்டுப் போய்விட்டார். மாலையில் அவர் மனைவி ஒரு தட்டில் ஆப்பிள் கேக்கோடு வந்து கதவைத் தட்டினார். கதவைத் திறந்தது செல்வி. அந்த அம்மாள் கேக்கையும் செல்வியையும் மாறி மாறிப் பார்த்தார். மனைவியை நிரந்தரமாகக் கைவிட்டுவிட்டேன் என்று நான் காலையில் அறிவித்திருந்தது பிறகுதான் புரிந்தது.

அன்றே ஒரு நோட்டு வாங்கினேன். தேதி, ஆங்கில வாக்கியம், ஜெர்மன் சொல் என்று மூன்று பத்தி. எனக்கு அது வேலைக்கும் தேவைப்பட்டது. மேலூரில் கிரானைட் ஏற்றுமதி அலுவலகம் ஒன்றில் ஆறு ஆண்டுகள் கடிதம் எழுதியவன் நான். அந்தக் கடிதங்களைப் பெற்றுக்கொண்டிருந்த இந்த ஊர்க் கல் வியாபாரிதான் என்னை இங்கே அழைத்தார். மேலூரில் இருந்து வரும் ஆங்கிலத்தை ஜெர்மனாக்குவது என் வேலை. கப்பல் தூத்துக்குடியை 'லீவ்' செய்ததற்கு ஒரு சொல். கல்லின் இரண்டு பக்கத்தைப் பாலிஷ் போடாமல் 'லீவ்' செய்வதற்கு வேறு சொல். மேஸ்திரி வேலையை விட்டதற்கு இன்னொன்று. ஜன்னலுக்கு வெளியே மேலூர்க் கற்கள் சிவப்புப் பெயின்டில் எழுதிய எண்களோடு பனியில் கிடக்கும். அவற்றில் பாதி இங்கே கல்லறைக் கற்களாகிவிடும்.

எங்கள் மகள் கயல் எங்களோடு வரவில்லை. 1999 அக்டோபரில் நாங்கள் புறப்பட்டபோது அவளுக்கு ஒன்றரை வயது. மூச்சிரைப்பு இருந்தது. நேராகக் குளிர்காலத்துக்குள் கொண்டுபோக வேண்டாம் என்றார் டாக்டர். ஆனையூரில் இருக்கும் என் அக்கா, "ஆறு மாசந்தான, நான் பாத்துக்கிறேன். வெயில் வந்ததும் வந்து கூட்டிட்டுப் போ" என்றாள். அக்காவுக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம், பிள்ளை இல்லை. எங்கள் பக்கத்தில் இப்படிப் பிள்ளையை விடுவதும் வாங்குவதும் புதிதல்ல. காகிதம் எதுவும் எழுத மாட்டார்கள். எத்தனை நாளைக்கு என்றும் யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டால் உறவு கெட்டுவிடும்.

ஆறு மாதம் போனது. எங்களுக்கு இருந்தது ஒற்றை அறை; பிள்ளையை அழைக்க அது போதாது என்றார்கள். பிறகு செல்விக்கு ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தது. வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போகலாம் என்றால், என் அனுமதிச் சீட்டு அந்த ஒரே முதலாளியோடு கட்டப்பட்டிருந்தது. திரும்பினால் மறுபடி நுழைய முடியாது. இரண்டு அறை வீடு கிடைத்து, கயலுக்கு விசா கேட்டு விண்ணப்பித்தபோது 2002 மார்ச். பிள்ளையை வளர்ப்பவரிடமிருந்து உறுதிமொழிப் பத்திரமும், அதன் சான்றளிக்கப்பட்ட ஜெர்மன் மொழிபெயர்ப்பும் அலுவலகத்தில் கேட்டார்கள்.

பத்திரம் மேலூர் கோர்ட்டு வாசலில் ஆங்கிலத்தில் தட்டச்சாகி வந்தது. அக்கா வீட்டுக்காரர், என் மச்சான், பக்கத்தில் நின்று சொல்லிச் சொல்லி அடிக்க வைத்திருந்தார். அக்கா சொல்வதாக இப்படி இருந்தது: "என் தம்பி 1999இல் தன் மகளை முழுமையாக என்னிடம் 'லீவ்' செய்தான். அன்று முதல் அவளை என் சொந்தப் பிள்ளையாக, எந்தக் குறையும் இல்லாமல் வளர்த்துவருகிறேன்." கீழே அக்காவின் கையெழுத்து.

என் சொந்தப் பத்திரத்தை நானே மொழிபெயர்க்க முடியாது. அரசு அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் ஃபிராவ் லிண்ட்னரிடம் போனோம். அறுபது வயது இருக்கும். பென்சிலால் 'லீவ்' என்ற சொல்லுக்குக் கீழே கோடு போட்டார்.

"ஃபெர்லாசன் என்றால் நீங்கள் பிள்ளையைக் கைவிட்டவர். சுரூக்லாசன் என்றால் பின்னால் விட்டுவிட்டு வந்தவர். ஊபர்லாசன் என்றால் உங்கள் அக்காவிடமே கொடுத்துவிட்டீர்கள். 'முழுமையாக', 'சொந்தப் பிள்ளையாக' என்று இருப்பதைப் பார்த்தால் இதுதான் பொருந்துகிறது. எழுதினால் விண்ணப்பம் அதோடு முடிந்தது."

"ஆறு மாதத்துக்குத்தான் விட்டோம்" என்றேன்.

"அது அன்ஃபெர்ட்ராவன். நம்பி ஒப்படைப்பது. ஆனால் காகிதத்தில் அப்படி இல்லையே. சத்தியம் செய்தவர் உங்கள் அக்கா. அவர் என்ன நினைத்துச் சொன்னார்?" என்று மேசைத் தொலைபேசியை என் பக்கம் தள்ளினார்.

நாங்கள் ஞாயிற்றுக்கிழமை மட்டுமே ஊருக்குப் பேசுவோம். அக்கா கயலை முன்னாலேயே தயாராக உட்கார வைத்திருப்பாள். பின்னால் இருந்து "அப்பா சொல்லு, அப்பா சொல்லு" என்று அக்காவின் குரல் மெல்லக் கேட்கும். பிள்ளையும் "அப்பா" என்பாள். அன்று புதன்கிழமை. யாரும் எதிர்பார்க்கவில்லை. கயலே எடுத்தாள்.

"ஹலோ, யாரு? ... அம்மா! ஜெர்மனி மாமா பேசுறாக!"

அக்காவை அம்மா என்று அழைக்கிற பிள்ளைக்கு, அந்த அம்மாவின் தம்பி மாமாதான். நான்கு வயதில் உறவைச் சரியாகக் கணக்குப் போட்டிருந்தாள். செல்வி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குள் மச்சான் போனை வாங்கிவிட்டார். "என்ன மாப்ள, புதங்கிழமை அதுவுமா! பனி எம்புட்டுக் கிடக்கு? பத்திரம் எப்பிடி, சும்மா கல்லு மாதிரி அடிச்சிருக்கம்ல?"

"மச்சான், ஏன் 'முழுமையா'ன்னு போட்டீங்க?"

"பின்ன? பிள்ளய ஏனோதானோன்னு போட்டுட்டுப் போயிட்டான்னு வெள்ளக்காரன் ஒன்னய நெனச்சிறக் கூடாதுல்ல? நம்ம வீட்டுப் பிள்ள என்ன அநாதையா?"

என்னைக் காப்பாற்றத்தான் அப்படி எழுதியிருக்கிறார்கள். அக்காவிடம் கொடுக்கச் சொன்னேன். விஷயத்தைச் சொன்னேன்.

"ஒனக்கு எது தோதோ அதப் போடச் சொல்லு தம்பி."

"இல்லக்கா, அவங்க ஒன்னயத்தான் கேக்குறாங்க. எப்பிடி நெனச்சுச் சொன்ன?"

தூரத்தில் கயல் ஏதோ பாடுவது கேட்டது. பிறகு அக்கா சொன்னாள்: "ஆறு மாசத்துக்குத்தான விட்டுட்டுப் போன. எனக்கு மறந்தா போச்சு? அப்பிடியே எழுதச் சொல்லு. ஆனா வெயில் காலத்துல கூட்டிட்டுப் போ. மார்ச்சளி கட்டிரும்."

ஃபிராவ் லிண்ட்னர் என் கண்ணைப் பார்த்தார். அக்கா சொன்னதை அவருக்குச் சொன்னேன். புதிய பத்திரம் வரட்டும், அன்ஃபெர்ட்ராவன் என்றே எழுதுகிறேன் என்றார். எந்தச் சொல்லைப் போட்டாலும் யாரோ ஒருவர் வெளியே நிற்க வேண்டியிருந்தது. அன்று அந்த இடத்தில் அக்கா போய் நின்றுகொண்டாள். நான் தடுக்கவில்லை. நோட்டில் அந்தத் தேதியில் நான்கு சொற்களையும் எழுதி, நான்காவதை வட்டமிட்டிருக்கிறேன்.

ஜூலையில் போய் அழைத்துவந்தோம். விமான நிலையத்துக்கு அக்கா வரவில்லை.

இதை எழுதுவது 2009இல். கயலுக்குப் பதினொரு வயது. ஜெர்மன் அவளுக்கு என்னைவிட நன்றாக வரும். வீட்டில் நான் அப்பா, செல்வி அம்மா, அதில் குறையில்லை. ஞாயிறு மதியம் ஆனையூருக்குத் தொலைபேசி போடும் நேரத்தில் மட்டும் செல்வி துவைத்த துணியை மடிக்க உள் அறைக்குப் போய்விடுவாள். கயல் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து அரை மணி நேரம் பேசுவாள். அந்தப் பேச்சில் மதுரை அப்படியே இருக்கிறது. முடிந்ததும், "இருங்கம்மா, மாமாட்ட குடுக்குறேன்" என்று போனை என் பக்கம் நீட்டுவாள். நான் எழுந்து போய் வாங்கிக்கொள்வேன்.