பொய் அழுகை

எங்கள் வீட்டில் எல்லோரும் பொய்யாக அழுவோம். மகள் சோறு வேண்டாம் என்றால் நான் முகத்தைப் பொத்திக்கொண்டு விம்முவேன். தலை இழுத்துச் சீவ விடாவிட்டால் கணவர் விம்முவார். கணவரின் தங்கை, என் மச்சாள், இதில் மகா கெட்டிக்காரி. தோள் குலுங்க அழுவார். தமிழர் வீடுகளில் பிள்ளை வளர்ப்பில் பாதி இதுதான் என்பது என் அபிப்பிராயம். பிள்ளை ஓடி வந்து கையை விலக்கி "அழாதேங்கோ" என்று கொஞ்ச வேண்டும். உடனே நாங்கள் சிரிப்போம்.

என் மகளும் வந்து கையை விலக்குவாள். கண்ணுக்குள் உற்றுப் பார்ப்பாள். "தண்ணி இல்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள்.

அவளுக்கு நாலரை வயதானபோது ஒருநாள் பல்கனிக் கதவைச் சாத்தினாள். மச்சாளின் இரண்டு வயது மகனின் விரல் இடுக்கில் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் சாத்தினாள். அவன் வீரிட்ட சத்தத்தில் கீழ் வீட்டுக்காரர் ஏறி வந்துவிட்டார்கள். நகம் நீலமாகிவிட்டது. நாங்கள் ஐஸ் கட்டிக்கு ஓடிக்கொண்டிருக்க, இவள் என் உடுப்பை இழுத்து, "அம்மா, டீவி போடுங்கோ" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் அடித்துவிட்டேன். அதற்கும் அழவில்லை.

"இது கல்நெஞ்சு, மச்சாள்," என்றார் கணவரின் தங்கை, மகனைத் தோளில் போட்டுக்கொண்டு. "அஞ்சிலை வளையாதது ஐம்பதிலை வளையுமோ எண்டு சும்மாவோ சொல்லி வைச்சவை?"

"நானும் சின்னனிலை இப்பிடித்தானாம்," என்றார் கணவர். அது எனக்கு ஒரு ஆறுதலாகவும் இருக்கவில்லை.

பாலர் பாடசாலையிலும் முறைப்பாடு இருந்தது. பிள்ளைகளைத் தள்ளுகிறாள், ஏசினால் மூலையில் போய் நிற்கிறாள், திரும்பி வந்து மறுபடி தள்ளுகிறாள், முகத்தில் ஒன்றுமே தெரிவதில்லை என்றார் ரீச்சர். பாடசாலை பெரிய விஷயமில்லை. நாங்கள் இருக்கும் வெள்ளவத்தையில் சந்துக்குச் சந்து, ஒழுங்கைக்கு ஒழுங்கை இருக்கிறது. என் பயம் வேறு. என் வயிற்றில் பிறந்ததுக்கு நெஞ்சில் ஈரமே இல்லையோ என்று பயந்தேன். சில நாட்களில் அவளுக்குப் பக்கத்தில் இருக்கவே பயமாக இருந்தது. அதை யாரிடம் போய்ச் சொல்வது?

கடைசியில் அரைநாள் லீவு போட்டுவிட்டு, கிருலப்பனையில் பிள்ளைகளின் மனநலம் பார்க்கும் டொக்டர் ஒருவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். என் வயதுடைய முஸ்லிம் பெண். மகள் கட்டைகளை அடுக்கி விளையாடுவதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"புள்ள பிழை செஞ்சா ஊட்டுல என்ன செய்வீங்க?"

"ஏசுவம். அடியும் விழும். அழுது காட்டுவம்."

"எங்க, அழுது காட்டுங்க பார்ப்பம்."

ஒபிஸ் சேலையோடு அந்தக் கதிரையில் இருந்தபடியே முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மினேன். டொக்டர் மகளிடம் செல்லமாக, "உம்மா, அம்மா என்ன செய்றாங்க?" என்று கேட்டார்.

அவள் கட்டையிலிருந்து தலையைத் தூக்காமலே, "விளையாடுறா" என்றாள்.

டொக்டர் சிரிக்கவில்லை. இந்த வயதில் மூளை இன்னும் கட்டி முடியாத வீடு என்றார். சில பிள்ளைகளுக்கு மற்றவர் முகத்தில் தெரியும் பயமும் நோவும் எங்களுக்குப் போல உடனே உறைப்பதில்லை. அடியும் ஏச்சும் அப்படித்தான், பெரிதாக உறைக்காது. பாராட்டும் அணைப்பும்தான் உள்ளே போகும். தினமும் அவளுடைய கண் மட்டத்துக்கு இறங்கி இருந்து விளையாட வேண்டும், நல்லது ஒன்று செய்தால் அந்த இடத்திலேயே மெச்ச வேண்டும், முகத்தில் இருப்பது என்னவென்று வாயால் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

"நீங்க அழுது காட்டினதால இது வரல்ல," என்றார். "ஆனா காது மந்தமான ஆளோட வாய்க்குள்ள முணுமுணுத்துக் கதைக்கலாமா?"

நான் மச்சாளின் பழமொழியைச் சொன்னேன். "அஞ்சு வயசாக இன்னும் அரை வருஷம் இரிக்கே," என்றார். அப்போதுதான் சிரித்தார்.

பொய் அழுகையை விடுவது சீனியை விடுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. மச்சாள் முகத்தைப் பொத்தியபின் நினைவு வந்து, பொத்திய கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொள்வார். வெங்காயம் வெட்டும்போது நான், "அம்மாவுக்குக் கண்ணீர் வருது, ஆனா கவலை இல்லை, வெங்காயம்" என்று செய்தி வாசித்தேன். அணைப்பது எனக்குப் பழக்கமில்லை. என்னை யாரும் அப்படி வளர்க்கவில்லை. கரண்டியை எடுத்துத் தந்தாலும் கை தட்டி மெச்சினேன். அவளும் தள்ளுவதைக் கொஞ்சம் குறைத்தாள். ஆனால் முகம் அதே முகம்தான். அலுத்துப்போய் விட்டுவிடலாம் என்றிருந்த நாட்களும் உண்டு.

போன மாதம் ஒரு சனிக்கிழமை பின்னேரம், எங்கள் ஒழுங்கை முடிவில் ரயில் பாதையைக் கடந்து எல்லோரும் கடற்கரைக்குப் போனோம். மகள் ஒரு கல்லில் குந்தியிருந்து கடலை வடை தின்றுகொண்டிருந்தாள். மச்சாளின் மகன் ஓடிவந்து சறுக்கி விழுந்தான். முழங்காலில் இரத்தம். குளறி அழுதான்.

மகள் கல்லிலிருந்து இறங்கினாள். தள்ளிவிடுவாளோ என்று நான் பாதி எழும்பினேன். அவள் குனிந்து அவன் முகத்தைப் பார்த்தாள், பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா, தம்பி உண்மையாவோ அழுறார்?"

"ஓம். உண்மையா. அவருக்கு முழங்கால் நோகுது."

அவன் முழங்காலைப் பார்த்தாள்.

"இப்ப என்ன செய்யிறது?"

வேறு பிள்ளை கேட்டிருந்தால் இதென்ன கேள்வி என்றிருப்பேன். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. இத்தனை நாளும் அவள் கேட்கவே இல்லையே.

"பக்கத்திலை போய் இருங்கோ," என்றேன்.

போய் இருந்தாள். மச்சாள் போத்தல் தண்ணீரால் அவன் காலைக் கழுவினார். மகள் அவன் முகத்தைப் பார்த்தபடியே வடையைத் தின்றாள். அவனுக்கு ஒரு துண்டுகூடக் கொடுக்கவில்லை. அவன் அழுது முடிக்கும்வரை எழும்பவும் இல்லை.