தீபாவளி இல்லாத வீட்டுக்கு லீவு

மலேசியாவில், ஈப்போ புந்தோங்கில் கூடாரமும் நாற்காலியும் வாடகைக்கு விடும் புஷ்பலதா, ஐம்பத்து நான்கு வயதுவரை எதற்கும் அசராதவள். பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர்களின் மகள். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது ஒரே ஒரு பழைய கூடாரத்தோடு வந்து, அதை எட்டாக்கியவள். இப்போது அவளை அசைத்தது சுவரில் ஒட்டிய ஒரு காகிதம்.

கணக்கு எழுதும் குலசிங்கம்தான் ஒட்டச் சொன்னார். வருடத்துக்குப் பதினொரு பொதுவிடுமுறை. ஐந்தை அரசாங்கம் சொல்லும், மீதி ஆறை முதலாளி தேர்ந்தெடுக்கலாம். அந்த நாளில் வேலை வாங்கினால் மூன்று நாள் சம்பளம். சட்டத்தைத் திருத்தியதில் அபராதமும் பத்தாயிரத்திலிருந்து ஐம்பதாயிரம் வெள்ளிவரை ஏறிவிட்டது என்றார். உடம்பால் உழைப்பவர்களுக்கு மூன்று நாள் சம்பளம் முன்பும் உண்டு என்று போகிற போக்கில் சொன்னதைப் புஷ்பலதா காதில் வாங்காதவள்போல இருந்துவிட்டாள்.

விடுமுறை வந்தால்தான் ஊரில் விருந்து, விருந்து நடந்தால்தான் கூடாரம். அந்த நாளில் ஆளை வீட்டுக்கு அனுப்பச் சொல்கிற சட்டத்தை எந்தப் புண்ணியவான் எழுதினானோ என்று அவள் பொரிந்து தள்ளினாள். குலசிங்கம் தேநீரை முடித்துவிட்டுக் கிளம்பினார்.

இதில் அவள் தப்பும் ஒன்று இருந்தது. தமிழச்சி எழுதும் விடுமுறைப் பட்டியலில் தீபாவளி இல்லாமலா? அந்த ஆறில் ஒன்றாகக் கை தானாக எழுதிவிட்டது. தீபாவளி காலையில்தான் ஒரு கண்டிராக்டர் வீட்டில் பெரிய விருந்து. அந்த வாடிக்கை போனால் அதைப் பார்த்து வரும் நாலு வீடும் போய்விடும். பத்தொன்பது வருடமாக விடியற்காலையில் போய்க் கட்டுகிறவர் சீனி. மற்ற வேலையாட்கள் இருவரும் கம்பம் பிடிப்பார்கள், முடிச்சு சீனி போட்டால்தான் நிற்கும்.

சீனி அவளை அக்கா என்பார், அவள் அவரை அண்ணே என்பாள். யார் மூத்தவர் என்பது இன்றுவரை தீரவில்லை.

அவருடைய மனைவி காளியம்மா மே மாதம் இறந்துபோனாள். சாவு விழுந்த வீட்டுக்கு அந்த வருடம் தீபாவளி கிடையாது. புஷ்பலதா அதைப் பிடித்துக்கொண்டாள்.

“உங்க வீட்லதான் இந்த வருஷம் தீபாவளி இல்லையேண்ணே. மூணு நாள் சம்பளம் போட்டுத் தாரேன், வந்துருங்க.”

“தீபாவளி இல்லதான்க்கா. லீவு இருக்குல்ல, சுவத்துல எழுதிருக்கே.”

பணம் வேண்டாம், அந்த ஒரு நாள் மட்டும் வேண்டும் என்றார். சும்மா வீட்டில் கிடந்து என்ன செய்யப்போகிறார் என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. கேட்டே விட்டாள்.

“ஒண்ணும் செய்யப் போறதில்லக்கா. அவ இருந்தப்ப ஒரு தீபாவளிக்கும் நான் விடியக்காலைல வீட்ல இல்ல. எண்ணெய வச்சுக்கிட்டு மத்தியானம் வரைக்கும் உக்காந்திருப்பா. இந்த வாட்டி நான் உக்காந்திருக்கேன்.”

அதற்கு மேல் வற்புறுத்த முடியவில்லை. சட்டத்தையும் குலசிங்கத்தையும் தன் கையையும் மனதுக்குள் திட்டிக்கொண்டே கண்டிராக்டருக்குப் போன் போட்டாள். வாடகையைக் குறைத்தாவது கெஞ்ச வேண்டியதுதான் என்று நினைத்திருந்தாள். தீபாவளியன்று ஆள் இல்லை, முதல் நாள் சாயங்காலமே கட்டிவிடலாமா என்று இழுத்தாள்.

“கட்டுங்கம்மா, எனக்கும் அதுதான் வசதிலா. நீங்கதான் வருஷா வருஷம் காலைலதான் வருவோம்னு சொல்லுவீங்க.”

வாடிக்கை தப்பியது. மகிழ்ச்சி மட்டும் வரவில்லை. ஒரு கூடாரம் ஓர் இரவு கூடுதலாக வெளியே கிடந்தால் நஷ்டம் என்று பத்தொன்பது வருடம் கணக்குப் பார்த்திருக்கிறாள். சீனி விடியற்காலையில் போவதற்கு அவள் கூடுதலாகக் கொடுத்தது ஆட்டுக்கறிப் பொட்டலம் ஒன்றுதான். அதனால் முதல் நாளே கட்டலாமா என்று வாடிக்கைக்காரர்களைக் கேட்டுப் பார்க்கத் தோன்றவே இல்லை.

வாசலில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த சீனி, கண்டிராக்டர் என்ன சொன்னார் என்று கேட்டார். முதல் நாளே கட்டிக்கொள்ளலாமாம் என்றாள். அவர் தலையாட்டிவிட்டு இன்னும் நாலு நாற்காலியை அடுக்கினார். பிறகு நிமிர்ந்து பார்த்தார்.

“அப்ப எல்லா வருஷமும் முத நாளே கட்டிருக்கலாமாக்கா?”