நைனாவுக்கு டிரான்ஸ்பர்

ஜெரால்டுக்குப் பொய் சொல்ல வராது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அவன் வேலை பார்க்கும் ரோலிங் மில்லில் லீவு வேண்டுமென்றால் ஆளாளுக்கு ஒரு பெரியம்மாவைச் சாகடிப்பார்கள். ஒரே பெரியம்மாவை இரண்டு தடவை சாகடித்த புண்ணியவான்களும் உண்டு. இவன் மட்டும் சூப்பர்வைசர் முன்னால் போய் நின்று, "தூங்கிட்டேன் சார்" என்பான். சம்பளத்தைப் பிடிப்பார்கள். நாற்பது தாண்டியும் பிழைக்கத் தெரியாதவன் என்ற பெயர் மாறவில்லை. அப்படிப்பட்டவன் வாழ்க்கையில் ஒரே ஒரு பொய் சொன்னான், அதுவும் பெற்ற தாயிடம். அந்த ஒன்று அவனை இன்றுவரை விடவில்லை.

அம்மா பெயர் ஆரோக்கியமேரி. அப்பா ராஜமாணிக்கம், பிள்ளைகளுக்கு நைனா. இதே சிப்காட்டில் வேறொரு மில்லில் காலம் முழுக்க இரும்போடு வெந்தவர். கேன்டீன் சோற்றைத் தொட மாட்டார். அதனால் மத்தியானமானால் மேரி கேரியரைத் தூக்கிக்கொண்டு கம்பெனி கேட்டுக்குப் போய்விடுவாள். வெயிலோ மழையோ அந்த நடை நின்றதில்லை. நைனா கண்ணை மூடி வருஷங்களாயிற்று. அந்த மில்லையும் மூடிவிட்டார்கள். இப்போது யாரோ அதில் சிமென்ட் மூட்டை அடுக்கி வைத்திருக்கிறார்கள். மறதி வரும்வரை இதெல்லாம் மேரிக்கும் தெரிந்துதான் இருந்தது.

முதலில் சாவியை மறந்தாள். அப்புறம் குழம்புக்கு உப்பை. அப்புறம் மருமகள் சோனியாவின் பெயரை. கடைசியில் புருஷன் செத்ததையே மறந்து, மறுபடியும் கேரியரை வெளியே எடுத்தாள். அதில் சில நாள் பச்சரிசி இருக்கும், சில நாள் சீப்பு இருக்கும், ஒரு நாள் துணி சோப்பு இருந்தது. சிப்காட் ரோட்டில் இரும்பு ஏற்றிய லாரிகள் ஓயாமல் போகும். ஒரு நாள் நடு ரோட்டில் நின்றவளைப் பார்த்து ஒரு லாரிக்காரன் பிரேக் அடித்து, இறங்கிவந்து தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். இது திரும்பாது, கூடவே ஒரு ஆள் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆளுக்கு எங்கே போவது? ஜெரால்டுக்குப் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். சோனியாவுக்குச் செல்போன் பாகம் செய்யும் கம்பெனி, விடிவதற்குள் வேன் வந்துவிடும். ஒரே மகள் படிப்புக்காக ஹாஸ்டலில் இருக்கிறாள். பக்கத்து வீட்டு முத்தம்மாள் கொஞ்ச நாள் பார்த்துக்கொண்டாள், அப்புறம் அவளுக்கே முட்டிவலி. வேலைக்கு வைத்த பெண்ணும் நிற்கவில்லை. கடைசியில் அவளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போனார்கள். சொல்லவே நன்றாக இல்லைதான். ஆனால் ஒரு பக்கம் பூட்டு, மறுபக்கம் லாரி என்றால் நீங்களும் நானும் என்ன செய்திருப்போம்?

"நாளெல்லாம் கதவ தட்டிக்கினே கீது ஜெரால்டு," என்றாள் முத்தம்மாள். "தொறங்கய்யா, தொறங்கய்யான்னு கத்துது. காது குடுத்து கேக்க முடில."

அவன் தலையைக் குனிந்துகொண்டு பூட்டைத் திறக்கப் போனான்.

தங்கை ஏஞ்சல் ஆஸ்திரேலியாவில், மெல்போர்னில் நர்ஸ். அவளும் புருஷனும் மாறி மாறி ஷிப்ட் போவதால் வீட்டில் எப்போதும் ஒரு ஆள் இருக்கும். "அம்மாவ நான் இட்டுக்கினு போறேண்ணா" என்று அவளே வந்தாள். அலைந்து திரிந்து விசாவும் வாங்கிவிட்டாள். ஊர் வாயைக் கேட்க வேண்டுமா? "மேரிக்கு வந்த யோகத்த பாரு, பிளேன் ஏறப் போவுது" என்றது ஒரு வாய். "பெத்தவள வெச்சி பாக்க வக்கில்லாம பார்சல் பண்றான்" என்றது இன்னொரு வாய். இரண்டும் ஜெரால்டின் காதில் விழுந்தன. முதலாவதை அன்றே மறந்தான், இரண்டாவது உள்ளே தங்கிவிட்டது.

கிளம்பும் நாள் கார் வாசலில் நிற்கிறது. மேரி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் எங்கியும் வர்ல. நான் போய்ட்டா உங்க நைனாவுக்கு யாரு சோறு எடுத்துக்கினு போவா?"

ஏஞ்சல் கெஞ்சினாள். சோனியா அழுதாள். டிரைவர் வாட்ச்சைக் காட்டினான். இந்த பிளேனை விட்டால் ஏஞ்சலுக்கு லீவு கிடையாது, இன்னொரு தடவை வந்து கூட்டிப்போக வழியும் கிடையாது. நாளையிலிருந்து மறுபடியும் பூட்டுதான். ஜெரால்ட் அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தான். ஒன்றைப் பிரித்தால் இன்னொன்று இறுகியது. அப்போதுதான் அது அவன் வாயிலிருந்து வந்தது.

"ம்மா, நைனா இங்க இல்லம்மா. கம்பெனியில அவர ஆஸ்திரேலியாவுக்கு மாத்திட்டாங்க. டிரான்ஸ்பர்."

பிடி தளர்ந்தது.

"எப்ப? என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல பாரு அந்த ஆளு! குவார்ட்டர்ஸ் குடுத்துக்கீறாங்களா?"

"குடுத்துக்கீறாங்கம்மா."

"அப்ப கிளம்புங்க, இன்னா பாத்துக்கினு நிக்கறீங்க? பேஜாரு புடிச்ச மனுசன், துன்னாம கெடப்பான்."

புடவை மாற்றினாள். காலிக் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு காரில் முதல் ஆளாக ஏறினாள். ஏர்போர்ட்டில் உள்ளே போகும்போது அவள் ஒரு தடவையாவது திரும்பிப் பார்ப்பாள் என்று ஜெரால்ட் கண்ணாடி ஓரமாகவே நின்றான். அவள் ஏன் திரும்பப் போகிறாள்? புருஷன் அங்கே பசியோடு இருக்கிறான். ஏஞ்சலையே இழுத்துக்கொண்டு வேகமாகப் போனாள்.

ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் என்பார்கள். மேரி அங்கே போய் இறங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஏஞ்சல் போன் செய்தாள்.

"இன்னாண்ணா சொல்லி வெச்ச நீ? டெய்லி மத்தியானம் கேரியர எடுத்துக்கினு தெருவுல கம்பெனி கேட்ட தேடுது. நேத்து நைட் ஷிப்ட் முடிச்சி நான் கண்ணசந்த நேரத்துல போயி, போலீஸ் கொணாந்து வுட்டாங்க. வேற வழியில்லாம, நைனா செத்துட்டாரும்மான்னு சொல்ட்டேன். மாருல அடிச்சிக்கினு அழுதுச்சிண்ணா, அன்னிக்கி அழுத மாதிரியே. காலைல எழுந்து மறுபடியும் கேரியர தேடுது. நான் டெய்லி நைனாவ சாவடிக்கணுமா?"

அவன் அப்போது மில் கேட்டருகே நின்றிருந்தான். உள்ளே ரோலர் ஓடிக்கொண்டிருந்தது. "அம்மாகிட்ட போன குடு" என்றான். அவன் வாயைத் திறந்து ஒரு "அலோ" சொன்னதுதான் தாமதம், மேரி முந்திக்கொண்டாள்.

"இன்னாய்யா, கம்பெனியிலர்ந்தா பேசற? எந்த கேட்டுன்னு சொல்லுய்யா, சோறு ஆறுது."

ஜெரால்டுக்கு அப்படியே அப்பன் குரல், உறவு முழுக்கச் சொல்லும். அந்தக் குரலிலேயே பேசினான்.

"நீ வராத மேரி. இங்க கேன்டீன்ல நல்லாத்தான் போடறான். நான் துன்ட்டேன். நீ துன்னு."

"கேன்டீன் சோறா? நீயா?" என்று சிரித்தாள். "சரி, சாயங்காலம் ரோட்ட பாத்து தாண்டி வா." அன்று அவள் வெளியே போகவில்லை.

அன்றிலிருந்து தினமும் இதே வேலை. இங்கே காலை ஷிப்ட் ஏறும் நேரம், அங்கே அவள் கேரியரை எடுக்கும் நேரம். வீட்டிலிருந்து பேசினால் நம்ப மாட்டாள், மில் சத்தம் கேட்டாக வேண்டும். அதனால் லீவு நாளிலும் பைக்கை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வருகிறான். பெற்ற தாயை மேரி என்று பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பத்தில் நாக்கு கூசியது. போகப் போகக் கூச்சம் விட்டுப்போனது, அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. சர்ச்சில் ஃபாதரிடம் சொல்லலாமா என்றுகூட நினைத்தான். என்னவென்று சொல்வது? தாயிடம் புருஷனாகப் பேசுகிறேன் என்றா? பாதி வழியில் வண்டியைத் திருப்பிவிட்டான்.

மகனாகப் பேசவும் ஒரு நாள் முயன்று பார்த்தான்.

"ம்மா, நான் ஜெரால்டு பேசறேன்மா."

"ஜெரால்டு ஸ்கூலுக்கு போய்க்கீறான். யார்ரா நீ? வையி போன, எங்க ஊட்டுக்காரரு பேசற நேரம்."

போனை வைத்துவிட்டாள். கேரியரோடு கிளம்பியும் விட்டாள். ஏஞ்சல் தெருவில் ஓடிப் பிடித்தாள். அதன்பிறகு அவன் அந்த ஆசையை விட்டுவிட்டான்.

"எத்தினி நாளைக்குங்க இப்டி?" என்று சோனியா கேட்டாள்.

"அது கீற வரைக்கும்," என்றான்.

போன வாரம் ஒரு காலை. தூறிக்கொண்டிருந்ததால் கேட்டுக்கு எதிரே டீக்கடைக் கூரைக்குக் கீழே நின்று போன் செய்தான். மேரி வழக்கம்போல் சோற்றைப் பற்றிக் கேட்கவில்லை. யார் காதிலோ விழுந்துவிடும் என்பதுபோல் குரலை இறக்கிப் பேசினாள்.

"யோவ், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். உம் புள்ள ஜெரால்ட நீ கேக்கணும்."

"இன்னாத்த கேக்கறது?"

"என்ன உள்ள போட்டு பூட்டிட்டு போறான்யா. டெய்லி. கத்தி கத்தி தொண்ட தண்ணி வத்திப்போவுது. நான் இன்னா தப்பு பண்ணேன்?"

மெல்போர்ன் வீட்டில் அவளை யாரும் பூட்டி வைக்கவில்லை. பெயரை மறந்தாள், ஊரை மறந்தாள், புருஷன் சாவை மறந்தாள். இதை மட்டும் கடல் தாண்டிக் கொண்டுபோயிருக்கிறாள். ஜெரால்ட் டீக்கடைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டான். ஷிப்ட் ஆட்கள் அவனைத் தாண்டி உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள்.

"கேப்பியா மாட்டியா?"

"கேக்கறேன் மேரி. ஊட்டுக்கு போனதும் கேக்கறேன்."

மேரி அவசர அவசரமாகச் சொன்னாள்.

"திட்டு, அவ்ளோதான். கை வெச்சிராத. பூட்டிட்டு உடனே போவ மாட்டான்யா அவன். வெளியவே நின்னுக்கினு அழுவான். கதவுக்கு கீழ அவன் காலு தெரியும். பாவம், கொயந்த. அவன் இன்னா பண்ணுவான்? அடிச்சிராதய்யா."

அம்மா என்ற சொல் நாக்கின் நுனி வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் போனை வைத்துவிடுவாள், கேரியரோடு தெருவில் இறங்கிவிடுவாள்.

"சரி மேரி," என்றான் ஜெரால்ட். "அடிக்கல."