மிட்சம்மரை மே மாதத்துக்கு மாற்றிய மாரியப்பன் அண்ணன்

மே மாத மத்தியானம்... தகரக் கூரையின் கீழே அச்சு மை வாசனை தொண்டை வரைக்கும் இறங்கும். ஃபேன் இருக்கும், ஆனால் போட மாட்டார்கள். போட்டால் தாள் எல்லாம் பறந்துவிடும். வியர்வை தாளில் சொட்டக் கூடாது என்று நாங்கள் எல்லோரும் மணிக்கட்டில் கைக்குட்டை கட்டியிருப்போம்.

சிவகாசியில் ஒரு பிரஸ். எனக்கு அதுதான் முதல் வேலை. ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தி கொஞ்ச காலம் வீட்டில் இருந்தேன். பக்கத்து வீட்டு மாரியப்பன் அண்ணன் அங்கே கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கிறவர். "நம்ம பிள்ளைதான், வாய் பேசாது, வேலை சுத்தமா பாக்கும்" என்று முதலாளியிடம் சொல்லி அவர்தான் சேர்த்துவிட்டார்.

வாய் பேசாது என்றது உண்மைதான். சேர்ந்து பத்து நாளாகியும், சாப்பிட்டியா என்று யாராவது கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவேன்.

மெஷினில் இருந்து முதல் தாள் வந்ததும் எங்கள் மேஜைக்கு வரும். ஆர்டர் கொடுத்த பார்ட்டி எழுதிக் கொடுத்த பேப்பரைப் பக்கத்தில் வைத்து, விடுமுறை நாளெல்லாம் சரியாக இருக்கிறதா என்று நான் பார்க்க வேண்டும். நான் தாளைக் கீழே வைத்தால் சரி என்று அர்த்தம். உடனே மெஷின் ஓடும்.

காலண்டர் சீசன் எப்போதும் ஆடிக்கு அப்புறம்தான். அந்த மே மாதம் ஒரு நாள் வந்தது கப்பலில் போகிற ஆர்டர், அதனால் முன்னாடியே வந்துவிட்டது. ஸ்வீடனில் ஒரு தமிழ் அக்கா மளிகைக் கடை வைத்திருக்கிறார். கடைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க காலண்டர்.

அவர் எழுதியனுப்பிய பேப்பரில், ஜூன் இருபதாம் தேதி வாக்கில் ஒரு நாளில், 'மிட்சம்மர், கடை விடுமுறை' என்று இருந்தது. அச்சடித்து வந்த தாளில் அது மே மாதத்தில் இருந்தது. நம்ம கத்திரி வெயிலுக்கு நடுவில், சிவப்பு எழுத்தில்.

மாரியப்பன் அண்ணன் செய்த பக்கம் அது. சொன்னால் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தவரையே எல்லோர் முன்னாடியும் காட்டிக் கொடுத்த மாதிரி ஆகும். சொல்லாவிட்டால் மொத்த காலண்டர் லோடும் தப்பாக ஓடி, அவர் வேலைக்கே உலை வைக்கும்...

தாளைக் கீழே வைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.

எங்கள் மேஜைக்குப் பெரியவர் ராஜாத்தி அக்கா. "என்ன பாப்பா, அம்புட்டு நேரமா பாக்குற? உனக்குப் பாத்த மாப்பிள்ளை போட்டோவா அதுல இருக்கு?" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் இரண்டு தாளிலும் விரலை வைத்துக் காட்டினேன்.

"ஏலே மாரியப்பா, இங்கன வா" என்று அக்கா கூப்பிட்டார்.

அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "அது பார்ட்டி தப்பா எழுதிருச்சு யக்கா, நான்தான் சரி பண்ணுனேன். மிட்னா நடு. சம்மர்னா கோடை. கோடைக்கு நடுன்னா கத்திரிதான? ஜூன் கடைசியில குத்தாலத்துல சாரலே விழுந்துரும்" என்றார்.

கேட்டவர்கள் எல்லோரும் ஆமாம் என்றார்கள். எனக்கும் அது சரி மாதிரியேதான் பட்டது. மெஷின்காரர் சுவிட்சில் கை வைத்துவிட்டார்.

ராஜாத்தி அக்கா மட்டும் என் முகத்தைப் பார்த்தார். "இரும்யா. தாளு இன்னும் அவ கையிலதான இருக்கு. நீ சொல்லு பாப்பா. ஓட்டலாமா, வேண்டாமா?"

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

"ஒரு வார்த்தை... கேட்டுக்கிடலாம்க்கா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

முதலாளி போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "ஐயோ, அதை மாத்திராதீங்க" என்றார் அந்த ஸ்வீடன் அக்கா. அங்கே மே மாதத்திலும் ஸ்வெட்டர் போடுவார்களாம். ஜூன் இருபது வாக்கில்தான் வருஷத்திலேயே நீளமான பகல். ராத்திரி பத்து மணி வரைக்கும் சூரியன் இருக்குமாம். அதைத்தான் மிட்சம்மர் என்று சொல்லி, கடையை எல்லாம் சாத்திவிட்டு, தலையில் பூ வளையம் வைத்து ஆடிப் பாடுவார்களாம். சூடு அதிகம் என்பதற்காக இல்லை... வெளிச்சம் அதிகம் என்பதற்காக.

"வெயிலுக்கு ஒரு திருவிழாவா?" என்றார் ராஜாத்தி அக்கா. "அவுகளை நம்ம வெம்பக்கோட்டைக்கு ஒரு நாள் வரச் சொல்லுங்க மொதலாளி. மத்தியானம் செருப்பில்லாம ஆடச் சொல்லுவோம்."

எல்லோரும் சிரித்த சிரிப்பில் அண்ணன் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. அவர் போய் பக்கத்தைத் திருத்தி, வேறு அச்சுப் பிளேட் எடுக்கக் கொடுத்துவிட்டு வெளியே போனார். கோபமாகப் போகிறார், இனி வீட்டுப் பக்கம் பார்த்தாலும் பேச மாட்டார் என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் எல்லோருக்கும் சர்பத் வாங்கிக்கொண்டு வந்தார். என் டம்ளரில்தான் ஐஸ் அதிகம். "நான் கூட்டியாந்த பிள்ளை எப்படி? வாயைத் தொறந்தா லோடே நிக்குது பாத்தீகளா" என்று மெஷின்காரரிடம் பெருமையாகச் சொன்னார்.

அவர் அன்றைக்கு முகத்தைத் திருப்பியிருந்தால் நான் அப்புறம் எங்கேயும் வாயே திறந்திருக்க மாட்டேன். ராஜாத்தி அக்கா கேட்காமல் விட்டிருந்தாலும் அப்படித்தான்.

இப்போது விருதுநகரில் ஒரு செல்போன் கடையில் இருக்கிறேன். ஏசி ரூம். காலையில் இருந்து சாயங்காலம் வரை முன்பின் தெரியாதவர்களிடம் பேச்சுதான் வேலை. மையில்லாத கையைப் பார்த்தால் சில நாள் என்னவோ போல இருக்கும்...

அந்த பிரஸ்ஸில் இப்போது எல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பித்தான் சரி பார்க்கிறார்களாம். போன வாரம் மாரியப்பன் அண்ணன் எனக்கும் ஒரு காலண்டர் பக்கம் அனுப்பியிருந்தார். "வேலை நேரம்னா விட்ரு பாப்பா. சும்மா நீயும் ஒருக்கா பாத்துட்டா எனக்குத் தெம்பா இருக்கும்."

கடையில் கூட்டம்தான். இருந்தாலும் பார்த்தேன். யோசிக்கவே இல்லை, தப்பிருந்த இரண்டு இடத்தில் சிவப்பு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினேன்.