நான் கொடுக்காத ரத்தம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய், பிசாசு, முனி எதையும் நம்புகிற ஆள் இல்லை நான். பல்லடத்துக்குத் தெற்கே எங்கள் ஊர். சுடுகாட்டுப் பள்ளத்தில் ஏதோ நடமாடுகிறது என்று யாராவது கிளப்பிவிட்டால் அங்கேயே போய் உட்கார்ந்து வெற்றிலை போட்டுவிட்டு வருகிறவன். எங்கள் ஊர்ச் சாமியாடிகூட நான் எதிரில் நின்றால் கொஞ்சம் அடக்கித்தான் ஆடுவார். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு, இவன் எதையோ பார்த்துப் பயந்து உளறுகிறான் என்று நீங்கள் நினைக்கக் கூடாது. நான் எதையும் பார்க்கவில்லை. மற்றவர்கள்தான் பார்த்தார்கள், அதுவும் என்னையே பார்த்தார்கள், நான் இல்லாத இடத்தில். இருட்டிலும் இல்லை, பட்டப்பகலில், கோயமுத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில். இது நடந்தது வெள்ளைக்காரன் காலத்தில், மில்லுகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்த வருஷங்களில்.

எனக்கு ஒரே அக்கா, ராமாத்தாள். நான் நடை பழகும் முன்பே அம்மா போய்விட்டாள், எட்டு வயது மூத்த அக்காதான் என்னை இடுப்பில் தூக்கித் திரிந்து வளர்த்தாள். அவளைச் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மில்லில் வேலை பார்த்த சின்னப்பனுக்குக் கட்டிக்கொடுத்தோம். மச்சான் நல்ல மனிதர், என்ன, அவருடைய அப்பா நில் என்றால் நிற்பார், உட்கார் என்றால் உட்காருவார். கல்யாணமாகிப் பத்து வருஷம் குழந்தை இல்லை. பிறகு, போகாத கோவில் இல்லை என்று ஆனபிறகு, அக்கா உண்டானாள். பிறந்த வீட்டில் பார்த்துக்கொள்ளப் பெண்பிள்ளை இல்லாததால் பிரசவமும் மில்லில் கொடுத்திருந்த லைன் வீட்டிலேயே நடந்தது.

பையன் நன்றாகத்தான் பிறந்தான். அக்காவுக்குத்தான் உதிரம் நிற்கவில்லை. ஜட்கா வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். டாக்டரம்மா எப்படியோ உதிரத்தை நிறுத்திவிட்டார், ஆனால் உடம்பில் ரத்தமே இல்லை, மனிதர் யாராவது கொடுத்து ஏற்றினால்தான் பிழைப்பாள் என்று சொல்லிவிட்டார். இப்போது போல அன்றைக்குப் பாட்டிலில் ரத்தத்தைச் சேர்த்து வைத்திருக்கிற ஏற்பாடெல்லாம் கிடையாது. ஆளைப் படுக்கவைத்து எடுத்து அப்படியே ஏற்றவேண்டும். மச்சானுடையதைக் கண்ணாடிச் சில்லில் சொட்டுவிட்டுப் பார்த்தார்கள், சேர்ந்துவிட்டது. மச்சானும் சட்டையைக் கழற்றிவிட்டார். அப்போதுதான் அவருடைய அப்பா குறுக்கே வந்து நின்றார்.

எங்கள் பக்கம் கூட்டம் என்று ஒன்று உண்டு. ஒரே கூட்டத்தில் பிறந்தவர்கள் எத்தனை ஊர் தள்ளி இருந்தாலும் அண்ணன் தங்கை முறை, அவர்களுக்குள் கல்யாணம் என்ற பேச்சே எழாது. அந்தக் கிழவர் மகனைப் பார்த்துக் கேட்டாராம்.

"உம்பட ரத்தம் அவ ஒடம்புல ஏறுச்சுன்னா அவ நம்ம கூட்டத்துப் பொண்ணு ஆயிருவாளேடா. பொறகு அவ உனக்குப் பொண்டாட்டியா, தங்கச்சியா? பொறந்த ஊட்டு ரத்தந்தான் சேரும். அவ தம்பிக்குத் தந்தியடி."

மச்சான் கழற்றின சட்டையைத் திரும்பப் போட்டுக்கொண்டார். டாக்டரம்மா கையெடுத்துக் கும்பிட்டுக்கூடப் பார்த்தாராம், கிழவர் அசையவில்லை. எனக்குத் தந்தி போயிற்று.

இங்கே எங்கள் ஊரில் நடந்ததைச் சொன்னால் என்னை அடிக்க வருவீர்கள். காலை பத்து மணி இருக்கும், பருத்தி எடுத்துக்கொண்டிருந்தோம், தந்திக்காரர் சைக்கிளில் வந்து இறங்கினார். காகிதத்தைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு என் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டார். எங்கள் ஊரில் தந்தி என்றால் சாவு, வேறு எதற்கும் யாருக்கும் தந்தி வந்ததில்லை. அக்கா நிறைமாதம் என்று ஊருக்கே தெரியும். பருத்திக் காட்டில் இருந்த பெண்கள் மடியை அவிழ்த்துக் கொட்டிவிட்டு அங்கேயே ஒப்பாரியை ஆரம்பித்துவிட்டார்கள். காகிதத்தில் இங்கிலீஷில் நாலே நாலு சொல் இருந்தது. இங்கிலீஷ் தெரிந்த வாத்தியார் கூப்பிடு தூரத்தில் பள்ளிக்கூடத்தில் இருந்தார். அவரிடம் காட்டவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பேயை நம்பாத நான் தந்தியை நம்பினேன். அதில் எழுதியிருந்தது பிறகுதான் தெரிந்தது, அக்காவுக்கு ஆபத்து, உடனே வா, அவ்வளவுதான்.

சாவுச் செய்தி கேட்டால் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ள வேண்டும் என்று பங்காளிகள் என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஈர வேட்டியோடு கல்லின்மேல் உட்கார்ந்தேன். அக்கா அக்கா என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தேனாம், எனக்கு ஞாபகம் இல்லை. திடீரென்று உடம்பில் இருந்ததெல்லாம் எங்கேயோ இறங்கிப் போவதுபோல இருந்தது, கையும் காலும் சில்லிட்டன, கண் இருட்டிச் சாய்ந்துவிட்டேன். வண்டிக் கொட்டகைக் கட்டிலில் தூக்கிப் போட்டிருக்கிறார்கள். அரைமணி நேரம் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தேனாம். அப்போது உச்சிப்பொழுது. எழுந்தபோது இடது கை மடிப்பில் வலித்தது, விழுந்த இடத்தில் கல் குத்தியிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகாவது ஓடினேனா என்றால் அதுவும் இல்லை. செத்துப்போன பெண்ணுக்குப் பிறந்த வீட்டுக் கோடித் துணி போட வேண்டுமே. பல்லடத்தில் நெய்கிறவர் வீட்டில் போய் நின்று, அரக்குச் சிவப்பில் மஞ்சள் கரை போட்ட சீலை ஒன்றை எடுத்தேன். அந்த நிறம் அக்காவுக்குப் பிடிக்கும். உறவுக்காரர்கள் வந்து சேரும்வரை காத்திருந்து, எட்டுப் பேராக பஸ் ஏறி, ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது சாயங்காலம் ஐந்து மணி.

வராந்தாவில் கால் வைத்ததும் எங்கள் பெண்கள் அழ ஆரம்பித்தார்கள். உள்ளேயிருந்து ஒரு நர்ஸ் ஓடிவந்து யார் செத்தார்கள் என்று இப்படிக் கத்துகிறீர்கள் என்று அதட்டினாள். எஸ்தர் என்று பெயர். என்னைப் பார்த்ததும் குரலைத் தணித்துக்கொண்டு, நீங்களா, ரத்தம் கொடுத்த கையோடு அலையக் கூடாது என்று சொல்லியும் எங்கே போனீர்கள் என்று கேட்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பின்னாலிருந்து மச்சான் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார்.

"மாப்பிள்ளே, நான் செய்ய வேண்டியத நீங்க வந்து செஞ்சுபோட்டீங்க. இந்தச் சென்மத்துல உங்க மொகத்துல முழிக்க எனக்கு யோக்கியதை இல்லீங்க."

உள்ளே கட்டிலில் அக்கா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மஞ்சள் பூசின மாதிரி வெளுத்த முகம், ஆனால் உயிரோடு, மடியில் பிள்ளையோடு. என் கையில் இருந்த சீலையைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"இதுக்குத்தான் அத்தன அவசரமாப் போனியா கண்ணு? பையன் பொறந்ததுக்குச் சீலை எடுக்கோணும்னு ஆரு கேட்டா? கொண்டா இங்க."

வாங்கி முகத்தில் ஒற்றிக்கொண்டாள். பிணத்துக்கென்று எடுத்த சீலை. பிடுங்கவும் முடியவில்லை, சொல்லவும் முடியவில்லை. அப்போதே உடுத்த வேண்டும் என்று அடம்பிடித்து, எஸ்தரிடம் சொல்லி மேலே சுற்றிக்கொண்டாள். நான் வெளியே வந்து சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதேன்.

பிறகு எஸ்தர் சொன்னதைத்தான் இன்றுவரை என்னால் செரிக்க முடியவில்லை. உச்சிப்பொழுதுக்கு நான் வந்தேனாம், ஈர வேட்டி, தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட. நான்தான் தம்பி என்றேனாம், கேட்டதற்குப் பெயரைச் சொன்னேனாம், பேசினது அவ்வளவுதானாம். சொட்டு எடுத்துப் பார்த்தார்கள், சேர்ந்தது. பக்கத்தில் ஒரு பெஞ்சில் படுக்கவைத்து எடுத்தார்கள். எடுத்து முடித்து ஏற்றிக்கொண்டிருக்கும்போதே அக்காவுக்கு நினைவு வந்திருக்கிறது. கையை நீட்டி என் தலையைத் தடவி, தன் சேலைத் தலைப்பால் துவட்டப் பார்த்தாளாம்.

"தலையத் தொவட்டாம வந்திருக்கியே, சளி புடிச்சுக்குமே கண்ணு."

எஸ்தர் இதைச் சொல்லும்போது அவள் கண்ணே கலங்கியது. காபி கொண்டுவரத் திரும்பினாளாம், அதற்குள் ஆளைக் காணோம், பெஞ்சு மட்டும் ஈரமாக இருந்ததாம்.

நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி, அந்த நேரத்தில் நான் இருபது இருபத்தைந்து மைலுக்கு அப்பால் கட்டிலில் கிடந்தேன், ஏழெட்டுப் பேர் விசிறிக்கொண்டிருந்தார்கள். சட்டைக் கையைச் சுருட்டிப் பார்த்தேன். கை மடிப்பில் ஊசி குத்தின ஒரு புள்ளி, அதைச் சுற்றி நீலமாகக் கன்றியிருந்தது.

அக்கா இரண்டு நாள் இருந்தாள். பிள்ளைக்குப் பால் கொடுத்தாள், பெயர் வைத்தாள், மச்சானைக் கூப்பிட்டு அவர் தலை குனிந்து உட்கார்ந்திருந்ததற்குத் திட்டக்கூடச் செய்தாள். என்னிடம் என் கல்யாணத்தைப் பற்றிப் பேசினாள், நாத்தனார் சீரெல்லாம் நான்தான் செய்வேன், குறை வைத்தால் பார் என்றாள். பிறகு பிரசவ ஜுரம் வந்தது. அதற்கு அப்போது மருந்தே கிடையாது. மூன்றாம் நாள் விடிந்து சற்று நேரத்தில், நான் பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போதே போய்விட்டாள். உடலை எடுக்கும்போது பிறந்த வீட்டுக் கோடி எங்கே என்று கேட்டார்கள். அவள் உடுத்தியிருந்ததைக் காட்டினேன்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. மச்சானே அப்பாவுக்குத் தெரியாமல் கொடுத்துவிட்டு என் பெயரைச் சொல்லச் சொல்லியிருப்பாரோ? ஒரு நாள் கோபத்தில் அவர் இரண்டு கையையும் திருப்பிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. அவர் கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை.

"நான் குடுத்திருந்தா ஊரக் கூட்டிச் சொல்லியிருப்பனேங்க மாப்பிள்ளே. நான் வெளிய பெஞ்சுல உக்காந்துட்டிருந்தேன்."

அதற்கப்புறம்தான் நான் இந்த வேலையில் இறங்கினேன். லைன் வீடுகளில், சந்தையில், பஸ்ஸில், யாருக்காவது ரத்தம் வேண்டும், வீட்டில் உள்ளவர்கள் தயங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டால் போய் நின்றுவிடுவேன். கூட்டம் ரத்தத்தில் இல்லையப்பா என்று சண்டை போடுவேன். எருமைப்பால் குடித்து வளர்ந்தவன் எல்லாம் எருமையாகிவிட்டானா என்று கேட்பேன். சிலர் ஆகியும் இருக்கிறார்கள், அது வேறு விஷயம். மச்சானும் கூடவே வருவார். அவர் பேசமாட்டார், போய்ச் சட்டையைக் கழற்றிக்கொண்டு கையை நீட்டிவிடுவார். அவரைப் பார்த்தே நாலு பேர் முன்வருவார்கள். அக்கா போன அடுத்த வருஷத்திலிருந்து அவர் எத்தனை பேருக்குக் கொடுத்திருப்பார் என்று எனக்கே தெரியாது. கேட்டாலும் சொல்லமாட்டார்.

நான் பேசினேனே தவிர, எனக்குக் கொடுக்கும் முறை வர நாலைந்து வருஷம் ஆயிற்று. ஒரு மில்காரர் மனைவிக்கு ரத்தம் வேண்டும் என்று அதே டாக்டரம்மா ஆள் அனுப்பினார். அப்போதெல்லாம் ரத்தத்தை எண் போட்டுத்தான் வகை பிரிப்பார்கள்; நோயாளிக்கு மூன்றாம் வகை, உங்களுடையதும் அதேதான், நோட்டில் இருக்கிறது என்றார். வழக்கப்படி சில்லில் இரண்டு சொட்டைச் சேர்த்தார். தயிர் திரிந்த மாதிரி திப்பி திப்பியாகிவிட்டது. முகம் மாறி, வேறு சில்லை எடுத்து மறுபடி பார்த்தார். அதுவும் திரிந்தது. என்னுடையது இரண்டாம் வகை. மனிதனுக்கு அது பிறந்தது முதல் சாகும்வரை மாறாது என்றார். அக்காவும் மூன்றாம் வகைதான், என் ரத்தம் அன்றைக்கு அவளுக்கு ஏறியிருந்தால் அந்த மணி நேரத்திலேயே போயிருப்பாள் என்றும் சொன்னார். கூட வந்திருந்த மச்சான்தான் அந்தப் பெண்ணுக்குக் கொடுத்தார்.

அப்படியானால் தந்தியைப் படித்துவிட்டு நான் ஓடிவந்திருந்தாலும் வெறும் கையோடுதான் நின்றிருப்பேன். உன்மேல் பழி இல்லை, விடு என்று எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள். எனக்கு அது ஆறுதலாக இல்லை. அவளுக்குக் கிடைத்த அந்த இரண்டு நாளுக்கு யாரோ கொடுத்தார்கள், என் முகத்தோடு வந்து கொடுத்தார்கள், அது யார்?

அந்த நோட்டைக் காட்டச் சொன்னேன். டாக்டரம்மா தேடி எடுத்துக் கொடுத்தார். அக்கா பெயருக்கு எதிரே, மூன்றாம் வகை, நோயாளியின் தம்பி என்று எஸ்தர் கையால் எழுதியிருந்தது. தம்பியின் பெயர் என்ற இடத்தில் பழனிச்சாமி என்று என் பெயர் இல்லை. கடுகு என்று எழுதியிருந்தது. வந்தவர் அப்படித்தான் சொன்னார், ஊர்ப்பக்கம் அப்படியெல்லாம் பெயர் வைப்பார்கள் போலிருக்கிறது என்று எழுதிக்கொண்டேன் என்றாள் எஸ்தர்.

எனக்குச் சின்ன வயதில் மூக்கின் நுனியில் கோபம். தொட்டால் பொரிந்துவிடுவேன் என்று அக்கா எனக்கு வைத்த பெயர் அது. எங்கள் அப்பாவுக்குக்கூடத் தெரியாது. நானும் அவளும் மட்டும் இருக்கும்போது அப்படிக் கூப்பிடுவாள். அவள் போனபிறகு அந்தப் பெயரை நான் யாரிடமும் சொன்னதில்லை, இன்றைக்கு உங்களிடம்தான் சொல்கிறேன்.